கிணத்தடிக் கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

காலமை ஒன்பது மணிக்கே சரியான வெயில். பலாலி வீதித் தார் செருப்பிலை ஒட்டுது. ஒஃபீசிலை ஒரு ஃபான்தான் வேலை செய்யுது, அதுவும் சதீஸ் அண்ணையைப் பாத்துத்தான் சுத்தும். (இனி ச.அ. எண்டு எழுதுறன். முதலாளி எண்டாலும் அண்ணைதான்.)

இண்டைக்கு எங்கடை போன் விளையாட்டை முதல் தரம் வெளி ஆக்கள் விளையாடிப் பாத்தவை. கம்பஸிலை படிக்கிற பிள்ளையள், இருபது பேர் மட்டிலை. மாயக்கதை விளையாட்டு. பூதங்கள், ஏழு ஊர், ஒரு வழிப்போக்கன். ஒவ்வொரு ஊரிலையும் ஒரு முடிவு எடுக்கவேணும். நல்லது செய்தால் அறப்புள்ளி கூடும், கெட்டதுக்குக் குறையும். கதை நான் எழுதினது, கோட் எழுதிறது கீர்த்தனா.

பூதத்தைக் கொல்லாமல் மிக்சர் வாங்கிக் குடுத்துச் சமாளிக்கேலாதோ எண்டு ஒருத்தன் கேட்டான். நல்ல யோசனை. குறிச்சு வைச்சிருக்கிறன்.

மூண்டாம் ஊர், கிணத்தடி. கல்லுடைக்கிற ஒருத்தி தண்ணிக்கு வந்து நிக்கிறாள். அவளின்ரை சாதி கிணத்தைத் தொடக்கூடாது எண்டது ஊர்க் கட்டுப்பாடு. வழிப்போக்கனுக்கு நாலு தெரிவு:

1. கலைச்சு விடு.
2. தண்ணி அள்ளி அவளின்ரை கையிலை ஊத்து.
3. கயித்தை அவளிட்டைக் குடு. அவளே அள்ளட்டும்.
4. பாக்காத மாதிரிப் போ.

மூண்டுக்குப் பத்துப் புள்ளி கூடும். ஆனால் ஊர்ச்சனம் கதவைப் பூட்டும், அடுத்த ஊர் போகுமட்டும் சாப்பாடு கிடையாது. ரெண்டுக்கு அஞ்சு குறையும்.

முக்காவாசிப் பேர் ரெண்டைத்தான் அமத்தினவை. அமத்தேக்கை முகத்திலை ஒரு புண்ணியம் செய்த சிரிப்பு வேறை. புள்ளி குறைஞ்ச உடனை ஒரு பிள்ளை அழுமாப்போலை கேட்டாள், "அக்கா, நான் தண்ணி குடுத்தனான். பிறகேன் குறைஞ்சது?"

பின்னேரம் கீர்த்தனா பிழைப் பட்டியல் அனுப்பினாள். ஏழாவது: "கிணத்தடி. நல்ல தெரிவுக்குப் புள்ளி குறையுது. பக். திருத்தவும்."

பக்காம். விசர்தான் வந்தது. பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை வந்திட்டன்.

மார்ச் 5, புதன்

வாங்க: ஷாம்பு, அம்மாவுக்குக் கால் நோ எண்ணெய், போன் சார்ஜர் வயர்.

ச.அ. கூப்பிட்டார். "வினோ, அந்தப் புள்ளிக் கழிச்சல் கை தவறிப் போட்டதோ?"

"இல்லை அண்ணை. தெரிஞ்சுதான் போட்டனான்."

"தாகமாய் வந்தவளுக்குத் தண்ணி ஊத்திறது பாவமே?"

"செம்பு இருக்கேக்கை ஏன் கையிலை ஊத்துவான்? வாளி இருக்கேக்கை ஏன் அவளே அள்ளக்கூடாது?"

"உது ஊர் வழமை. சனம் நல்லெண்ணத்திலைதானே அமத்துது. விளையாட வாறவனைக் குத்தவாளி ஆக்கேலாது. கழிச்சலை எடும். செவ்வாய்க்கிழமை ஐயா வாறார்."

ஐயா எண்டது கனடாவிலை இருந்து எங்கடை கொம்பனிக்குக் காசு போடுறவர். அவர் ஓம் எண்டால்தான் விளையாட்டு வெளியிலை போகும்.

சரி எடுக்கிறன் எண்டன். ச.அ. பெரிய மூச்சு விட்டார். கழிச்சலை மட்டும்தான் எடுக்கச் சொன்னவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம்: நான் கொண்டுபோனது புட்டும் முட்டைப் பொரியலும், கீர்த்தனா இடியப்பம். ரெண்டு பேரும் மாறிச் சாப்பிட்டம். ரெண்டு வருசமாய் இப்பிடித்தான். அவள் கோப்பாய், சைக்கிள் மிதிக்கிற தூரம். அவளின்ரை வீட்டை நான் இன்னும் போனதில்லை, அவள் கூப்பிட்டதும் இல்லை.

கிணத்தடியை மாத்தி எழுதிப்போட்டன். இப்ப ரெண்டை அமத்தினால் புள்ளி குறையாது, ஏறவும் ஏறாது. வழிப்போக்கன் ஊத்த வர, அவள் ஏந்தின கையை இறக்கிப்போடுவாள். தண்ணி நிலத்திலை போகும். திருப்பி அமத்தினால் திருப்பியும் இறக்குவாள். கட்டம் நகராது.

கீர்த்தனா வாசிச்சிட்டுக் கேட்டாள், "தாகத்திலை நிக்கிறவள் ஏனடி வேண்டாம் எண்டுவாள்? நம்பேலாமல் கிடக்கு."

சொல்லுறதில்லை எண்டுதான் இருந்தனான். சொல்லிப்போட்டன். ஒன்பதாம் வகுப்பு, ரியூசன், ரீச்சரின்ரை வீட்டு முத்தம். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாசிலை தேசிக்காய் பிழிஞ்ச தண்ணி. எனக்கு மட்டும், "நீ கையைப் பிடி பிள்ளை." பிடிச்சனான். முழங்கையாலை வழிஞ்சு சட்டை நனைஞ்சது. மற்றவை பாத்துக்கொண்டு நிண்டவை. ரீச்சர் நல்ல மனுசி, என்னட்டைக் காசுகூட வாங்கிறேல்லை. அதுதான் இப்பவும் எரியுது.

கீர்த்தனா "எங்கடை வீட்டிலை உதெல்லாம் இல்லை" எண்டாள். கொஞ்சம் செல்ல, "வெங்காயத் தோட்டத்துக்கு வாற ஆக்களுக்கு அம்மா கையிலை ஊத்திறவாதான்" எண்டாள். கோட் எழுதி முடிச்சுப் பின்னேரமே விளையாடிப் பாத்த கம்பஸ் பிள்ளையளின்ரை போனுக்குப் புதுசை அனுப்பிவிட்டாள். எப்பவும் அப்பிடித்தான் அனுப்பிறது.

மார்ச் 9, ஞாயிறு

புழுக்கம். மழை வாறமாதிரி வெருட்டிப்போட்டுப் போட்டுது.

அம்மாவை விளையாட வைச்சன். போனைத் தூரப் பிடிச்சுக்கொண்டு பூதத்துக்கெல்லாம் நல்லாப் பேச்சுக் குடுத்தா. கிணத்தடி வந்தது. நாலையும் வாசிச்சுக் காட்டினன். ஒரு யோசனையும் இல்லாமல் ரெண்டை அமத்தினா.

அவள் கையை இறக்கினாள்.

"உவளுக்கு என்ன நடப்பு?" எண்டா அம்மா. திருப்பி அமத்தினா. திருப்பியும் இறக்கினாள். "திமிர் பிடிச்சவள். தாகத்திலை சாகட்டும்."

"நீங்களுமே அம்மா?" எண்டு கத்திப்போட்டன். "புகையிலைத் தோட்டத்திலை உங்களுக்கு உப்பிடித்தானே ஊத்தினவை. கையை இறக்கவேணும் எண்டு ஒரு நாளும் தோணேல்லையோ?"

அம்மா போனைக் கட்டிலிலை வைச்சா. "தோணினது. இறக்கியிருந்தால் அடுத்த நாள் வேலை இல்லை. நீ படிச்சும் இருக்கமாட்டாய், உதை எழுதியும் இருக்கமாட்டாய்."

அம்மா சொல்லுறது உண்மைதான். ஆனால் கிணத்தடியிலை நிக்கிறவளின்ரை கையை நான் திருப்பி ஏந்த வைக்கமாட்டன். அம்மா பட்டது போதும்.

மீன் குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு பேரும் அதையே சாப்பிட்டம்.

மார்ச் 11, செவ்வாய்

கனடா ஐயா வந்தார். வெள்ளைச் சேட், நல்ல வாசம். எல்லாருக்கும் சொக்கிளேற் பெட்டி. ச.அ. புதுக் கதிரை ஒண்டு பக்கத்துக் கடையிலை இரவல் வாங்கிப் போட்டவர்.

முதல் ரெண்டு ஊரும் சந்தோசமாய் விளையாடினார். "தமிழிலை உப்பிடி ஒண்டு வாறது பெருமை" எண்டார். கிணத்தடி. ரெண்டு. கையை இறக்கினாள். ரெண்டு. இறக்கினாள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அவரின்ரை காது சிவந்து போச்சு.

"வேலை செய்யுதில்லை."

"வேலை செய்யுது ஐயா" எண்டன். "அவள் வாங்கமாட்டாள்."

"உதை ஆர் எழுதினது?"

"நான்."

திரும்பி வடிவாப் பாத்தார். "நீர் எவடம், பிள்ளை?"

"சண்டிலிப்பாய்."

"சண்டிலிப்பாயிலை எவடம்? அப்பா ஆர்?"

இஞ்சை இந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம்தான். சாதி என்ன எண்டு வாயாலை கேக்க வெக்கம், அதாலை ஊரைக் கேப்பினம், ஒழுங்கையைக் கேப்பினம், அப்பாவின்ரை பேரைக் கேப்பினம். கம்பஸ் நாளிலையிருந்து நான் "பஸ் நிக்கிற இடத்துக்குக் கிட்ட" எண்டு மழுப்பிறனான். வாய் அதுக்குத்தான் திறந்தது. அப்ப திரையிலை பாத்தன், அவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். எழுதினவள் நான் மழுப்பிறதோ?

"அப்பா பனையேறிக் கள்ளுச் சீவினவர், ஐயா. இப்ப உயிரோடை இல்லை. அம்மா புகையிலைத் தோட்டத்திலை கூலி. நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான் நாங்கள். வேறை ஏதும் கேக்கவேணுமோ?"

ச.அ. நிலத்தைப் பாத்தார். கீர்த்தனா என்னைப் பாத்தாள்.

"நான் அதுக்குக் கேக்கேல்லை" எண்டார் ஐயா. பிறகு ச.அ.விட்டை, "பழசைக் கிளறிச் சனத்தைப் பிரிக்கிறதுக்கு நான் காசு தரேலாது. உந்தக் கட்டத்தை எடும். இல்லாட்டி நான் இல்லை." சொக்கிளேற் பெட்டி திறக்காமலே கிடந்தது.

பயமில்லை எண்டு எழுதினால் பொய். ஆனால் பஸ்ஸிலை வரேக்கை உடம்பு லேசாய் இருந்தது.

மார்ச் 12, புதன்

ச.அ.: "வினோ, எட்டுப் பேரின்ரை வேலை. ஒரு கட்டம்தானே. நீர் எழுதினது, நீரே எடுத்துவிடும்."

"மாட்டன் அண்ணை."

"அப்ப நாளைக்கு வரவேண்டாம்." சொல்லேக்கை முகத்தைப் பாக்கேல்லை. கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசன் எண்டால் லேசு.

கீர்த்தனாதான் எடுத்தாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எடுத்தாள். "எனக்கு வேறை வழியில்லையடி" எண்டாள். அவளிலை கோவம் இல்லை எண்டு எழுதமாட்டன். இருக்கு.

கொண்டு வந்தது: என்ரை கோப்பை, குடை, ரெண்டு கொப்பி.

அம்மாவுக்குச் சொன்னன். ஏச்சு விழும் எண்டு பாத்தன். "சாப்பிட்டனியோ?" எண்டு மட்டும் கேட்டா.

பின்னேரம் போனுக்கு ஒரு செய்தி. விளையாடிப் பாத்த பிள்ளையளிலை ஒருத்தி எழுதினது. வெள்ளிக்கிழமை கீர்த்தனா அனுப்பின விளையாட்டு அவையளின்ரை போனிலை இன்னும் கிடக்கு. கூட்டாளியளுக்கும் அனுப்பியிருக்கினமாம்.

"அக்கா, கயித்தைக் குடுத்திட்டன். அவள் அள்ளிக் குடிச்சாள். இப்ப ஊர்ச்சனம் கதவெல்லாம் பூட்டிப்போட்டுது. தட்டித் தட்டிப் பாத்தன், ஒருத்தரும் திறக்கினமில்லை. இனி என்ன செய்யிறது?"

தட்டாதை. பசியோடை நட.