வளையம் வந்தது, நான் வரவில்லை

என் லெட்சு அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இங்கே பிரிஞ்சாங் மலையில் விடாத மழை. பூக்கடையில் எனக்கு அதே வேலைதான். கியா பார்ம் தோட்டங்களிலிருந்து சாமந்தி வரும், சாவு வீட்டுக்கு மலர்வளையம் கட்டுவேன், ரிப்பனில் தங்க மையால் 'வித் டீப்பஸ்ட் சிம்பதி' என்று எழுதுவேன். பன்னிரண்டு வருஷமாகக் கை எழுதுகிறது. அர்த்தம் என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உன் வீட்டுக்காரர் தவறியபோதும் அதைத்தான் எழுதி லோரியில் ஏற்றினேன். கடையிலேயே பெரிய வளையம். நான் வராததற்குப் பள்ளி விடுமுறை, ஆர்டர் அதிகம் என்று ஆயிரம் சாக்கு. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நீ அழுவதைப் பார்க்கப் பயந்தேன். தோட்டத்தில் ஒரே லைன் வீட்டு வரிசையில் குடியிருந்து, ஒரே மலையில் உன்னோடு தேயிலைக் கொழுந்து பறித்தவள்தானே நான்?

துக்கம் கேட்காத வீட்டுக்கு அப்புறம் சும்மா எப்படிப் போவது? நாள் தள்ளத் தள்ளக் கூச்சம் கூடியது. ஒரு நாள் தானா ராத்தா டவுனில் உன்னைக் கண்டதும் மருந்துக்கடைக்குள் நுழைந்துகொண்டேன். நீ விடுவாயா, பின்னாலேயே வந்தாய்.

"பூ வந்துச்சு சரசு. நீதான் வரல. பரவால்ல லா, வீட்டுப் பக்கம் வா."

"அடுத்த வாரம் வரேங்க்கா" என்றேன், இருமல் மருந்தைப் பார்த்துக்கொண்டே. எத்தனை அடுத்த வாரம் போனது!

பிறகு உனக்கே வளையம் கட்டும்படி ஆயிற்று. ரிப்பனை விரித்தேன், கை ஓடவில்லை. காலேஜில் படிக்கும் என் மகள் கவிதா பக்கத்தில் இருந்தாள்.

"சிம்பதின்னா என்னடி?"

"கிரேக்கச் சொல்லும்மா. 'சின்'னா கூட. 'பாத்தோஸ்'னா வேதனை, ஒருத்தர் படுற பாடு. அந்த வேதனையைக் கூடச் சேர்ந்து படுறது."

"படாம இருந்துட்டா?"

"முன்னால 'அ' போட்டா இல்லைன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'ஆப்பதி'. எதுவும் உறைக்காம இருக்கிறது. ஏம்மா?"

ஒன்றுமில்லை என்றேன். கிரேக்கன் சொல்லியா நமக்குத் தெரியவேண்டும்? என் அம்மா செத்த அன்று நீ வேலையைப் போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடிவந்தாய். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உன் அம்மாவே போனதுபோல அழுதாய். பேர் தெரியாமலே நீ செய்ததற்கு, செய்யாத நான் பன்னிரண்டு வருஷமாகத் தங்க மையில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

உன் சாவுக்கு வந்தேன். வளையத்தை நெஞ்சோடு பிடித்தபடி வாசலில் நின்றேன். உன் மகள் தேவி பார்த்துவிட்டு, "சின்னம்மா!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நீட்டிய அந்தக் கையில் நான் வளையத்தைக் கொடுத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். லோரி காத்திருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மனுஷியா நான்?

வருகிற வெள்ளிக்கிழமை உன் பதினாறாம் நாள் காரியம். கடையில் லீவு சொல்லிவிட்டேன். "நல்ல பூவா எடுத்துக்கிட்டுப் போ" என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன்.

தேவியிடம் வருகிறேன் அக்கா. இந்தத் தடவை வெறுங்கையோடு வருகிறேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
சரசு