சீட்டு அவரிடம், படம் என்னிடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஜன்னல் திரையைத் துவைத்துக் காயப் போட்டேன். நான் போட்ட மஞ்சள் தையல் இன்னும் பிரியவில்லை.

பதினோரு மணிக்குப் பேத்தி வாலு கூப்பிட்டாள். ஞாயிறு பத்து மணிக்குத்தான் கூப்பிடுவாள், செவ்வாயில் கூப்பிட மாட்டாளே என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"பாட்டி! உன் படம் வித்துடுச்சு!"

அவள் படிக்கப் போன இடத்தில் கம்ப்யூட்டரிலேயே வரைந்த படம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனுக்கும் அனுப்பினாள், போட்டோக்கடைக்கும் அனுப்பிப் பெரிசாக அச்சடிக்கச் சொன்னாள். கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். நான் இந்த ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கிறேன். முதுகுதான் தெரியும். நீலத் திரை, அதில் மஞ்சள் தையல், பின்னால் மேசை, மேசையில் இரண்டு டம்ளர். "நான் ஒருத்திதானே, ரெண்டு டம்ளர் எதுக்குடி?" என்று அப்போதே கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் பால்காரரில் இருந்து பேங்க் காவலாளி வரைக்கும் இந்தப் படத்தைக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

"யாருடி வாங்கினது?"

"தெரியாது பாட்டி. நீலக்கொக்குன்னு பேர் வெச்சிருக்கார். நிஜப் பேர் சொல்ல மாட்டாங்க."

"அப்ப நான் இதைக் கழட்டி அனுப்பணுமா?"

"ஐயோ, வேண்டாம். இதை என்எஃப்டின்னு சொல்வாங்க. படத்தை யார் வேணா பாக்கலாம், காப்பி எடுத்துக்கலாம். சொந்தம் மட்டும் அவருக்கு. அதை யாராலயும் அழிக்க முடியாத மாதிரி கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்கு."

"லாண்டரிச் சீட்டு அவர்கிட்ட, துணி ஊர்கிட்டயா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜோக்குக்குச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுர்ரென்றது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் முதுகை வித்துட்டியேடி."

சிரிப்பு நின்றுபோனது. அப்புறம், "வைக்கிறேன் பாட்டி" என்றாள்.

மார்ச் 4, புதன்

அந்தப் படத்துக்கு எதிரே உட்கார முடியவில்லை. அடுத்தவர் சாமானை நடுவீட்டில் வைத்துக்கொண்டிருப்பது போல.

இருபத்தாறு வருஷம் லாண்டரி கவுண்டரில் நின்றவள் நான். படிப்பு அஞ்சாம் வகுப்புதான். ஆனால் என் கை தாண்டி ஒரு கைக்குட்டை காணாமல் போனதில்லை. துணி நம் அலமாரியில் இருந்தாலும் சீட்டு யாரிடமோ அவருக்குத்தான் சொந்தம். போட்டுப் பார்ப்பது என்ன, தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்தால்கூட முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். யார் சீட்டை? நம் சீட்டைத்தான்.

படத்தை இறக்கிப் பழுப்புத் தாளில் மடித்தேன். குண்டூசியில் ஒரு துண்டுத் தாள் குத்தினேன்: "நீலக்கொக்கு அவர்களுக்கு. கேட்டால் கொடுக்கவும்." பீரோ மேலே வைத்தேன்.

கீழ்வீட்டு டீச்சரிடம் போனைக் கொடுத்து அதில் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன். "நிஜமாவாம்மா? வெச்சுக்கலாம்னு உங்க பேத்தியே சொல்லுதே?" என்றார். "அவ சொல்லலாம். அவ கவுண்டர்ல நின்னதில்ல" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

சுவரில் ஆணி மட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. போன் வரவில்லை. பத்து மணியில் இருந்து போனை மடியிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனேன். மணி அடித்தது. ஓடி வந்தால், காஸ் சிலிண்டர்காரர்.

நான் கூப்பிடலாம். சொன்னது நான். நான்தான் கூப்பிடணும். ஆனா கேக்காம வித்தது அவ இல்லையா? போகட்டும். எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஸ்டூல் போட்டு ஏறினேன். பார்சலில் இருந்து ஒரு குண்டூசியை எடுத்தேன். மறுபடியும் அதே ஓட்டையில் குத்திவிட்டு இறங்கிவிட்டேன்.

லாண்டரியில் ஒரு பட்டுப்புடவை நாலு வருஷம் கிடந்தது. மாம்பழ நிறம். தினமும் அதைக் கடந்துதான் போவேன். எனக்கும் அப்போது முப்பது வயசு, ஆசை இல்லையா? ஒரு நாளும் தொடவில்லை. கடைசியில் ஒரு பெண் வந்தாள், கையில் மங்கிப்போன சீட்டு. "அம்மாவோடது" என்றாள். எடுத்துக் கொடுத்தபோது நான் பட்ட கர்வம்! வாலுவுக்கு இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா, என் மகள், இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வயசு வரைக்கும் வாலு என்னோடுதான் இருந்தாள். இந்த மேசையில்தான் பென்சில் சீவிக் குப்பை போடுவாள்.

மே 10, ஞாயிறு

நான்தான் தோற்றேன். கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. ஒரு மணி நேரம் கழித்து எழுத்தில் வந்தது: "வேலை பாட்டி. அப்புறம்." மூன்றே வார்த்தை. அதில் பாட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

மகள் போனில் அழாத குறை. அந்த மாதிரிக் கம்ப்யூட்டர் படங்களை யாரும் இப்போது வாங்குவதில்லையாம். படங்களை வைத்திருந்த கம்பெனி கதவை மூடிவிட்டுப் போய்விட்டது. வாலுவின் கம்ப்யூட்டரும் பழுது, அதில் இருந்தது எதுவும் தேறவில்லை. இரண்டு மாசமாக அவள் ஒரு கோடு போடவில்லை. ஏதோ கடையில் பில் போடுகிறாள்.

"உன் படமும் போச்சும்மா. உன்கிட்ட இருந்ததையும் நீ அழிச்சுட்டன்னு டீச்சர் சொன்னாங்க. வாங்கினவர் கடுதாசு மேல கடுதாசு போடறாராம்."

"அழிக்க முடியாதபடி எழுதி வெச்சிருக்குன்னு சொன்னாளே?"

"இவருக்குச் சொந்தம்னு எழுதினது அப்படியேதான் இருக்கு. படம் எந்த இடத்துல இருக்குன்னும் எழுதியிருக்கு. அந்த இடத்துல போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல."

சீட்டு இருக்கிறது. லாண்டரி இல்லை.

பீரோ மேலே பார்த்தேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

ஜூலை 1, புதன்

அழகா மாட்டினா. இனிமே என்கிட்டதான் வந்தாகணும். கேக்கட்டும். நேர்ல வந்து, இந்த வாசல்ல நின்னு கேக்கட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்கப் போறதில்ல. ஒரு படத்துக்காகவாவது வருவா இல்ல?

மாலை. காலையில் எழுதியதைப் படித்தேன். வெட்கமாக இருந்தது. சீட்டோடு நிற்கும் ஆளை நான் ஒரு நாளாவது காக்க வைத்திருக்கிறேனா?

இறக்கிப் பிரித்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தானே கொடுக்கணும்? மேசை மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நாலு மாசப் பட்டினி. தையல் இருக்கிறது. ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறது. என் கொண்டை கொஞ்சம் சரிந்திருக்கிறது, அதையும் விடவில்லை படுபாவி. தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்தால் என் முகமல்லவா தெரியும்? முதுகு தெரியணும் என்றால்—

அறைக்குள் நிற்க வேண்டும். எனக்குப் பின்னால். மேசைக்கு இந்தப் பக்கம், இரண்டாவது டம்ளர் இருக்கிற பக்கம்.

நான் தெருவைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கேன். அவ உள்ளதான் இருந்திருக்கா.

ஜூலை 2, வியாழன்

போட்டோக்கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அச்சடிக்க வாலு அனுப்பிய படம் கடைக்காரரிடமும் இல்லை. "ரெண்டு வருஷத்துக்கு முந்தினதை யாரும்மா வெச்சிருப்பாங்க? காகிதம் இருக்கே, அதுவே புண்ணியம்" என்று மெஷினில் வைத்து ஸ்கேன் எடுத்தார். நல்லவேளை, கசங்கல் இல்லை, கறை இல்லை. "யாரும்மா இவ்வளவு பத்திரமா மடிச்சது?" என்றார். கவுண்டர்காரி என்றேன்.

அவரையே என் போனில் இருந்து வாலுவுக்கு அனுப்பச் சொல்லி, கீழே நான் சொன்னதைச் சேர்த்து எழுதச் சொன்னேன்: "படம் என்கிட்ட இருந்தது. வாங்கினவருக்குக் கொடுத்துடு. ரெண்டு டம்ளர் இப்பதான் புரிஞ்சுது."

ஜூலை 3, வெள்ளி

பார்த்துவிட்டாள். போனில் செய்திக்குக் கீழே நீலக் கோடு இரண்டு விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

அவள் வருவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் நானே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

பத்து மணி, ஐந்து நிமிஷம். "பாட்டி" என்றாள். அப்புறம் இரண்டு பேருக்கும் மூக்கைச் சிந்தவே நேரம் சரியாக இருந்தது.

"எதுக்கு அதை மடிச்சு மேல வெச்ச?"

"அடுத்தவங்க சொத்துடி."

"அது அப்படி இல்லன்னு சொன்னேனே!"

"எனக்கு அப்படித்தான்."

"உன்னைக் கேட்டிருக்கணும் பாட்டி. தப்புதான்."

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேக்கல."

நீலக்கொக்குக்குப் படம் போய்ச் சேர்ந்ததாம். காகிதம் அந்த அம்மாவிடமே இருக்கட்டும், சுவரில் மாட்டச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். மரியாதையான மனுஷர். துண்டுத் தாளைத் தூக்கிப் போடவில்லை, படத்தின் பின்பக்கம் குத்தி மாட்டிவிட்டேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இன்று போன் வரவில்லை.

பத்து மணிக்குப் பழக்க தோஷத்தில் ஜன்னலில் போய் நின்றேன். தெருவில் ஒன்றுமில்லை, பேப்பர்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மேசையில் டம்ளர் வைக்கிற சத்தம். ஒன்று. அப்புறம் இன்னொன்று.

"திரும்பாத பாட்டி. அப்படியே நில்லு."

பென்சில் சீவுகிற சத்தமும் கேட்டது. குப்பை தரையில்தான் விழுந்திருக்கும்.

"இதையும் வித்துடுவியாடி?"

"வித்தாலும் விப்பேன். விக்கட்டுமா?"

"அப்ப இரு," என்றேன். "கொண்டையைச் சரி பண்ணிக்கறேன்."