பூட்டோடு திறந்த கதவு

09.11.2025, ஞாயிறு, காலை பதினொன்றே கால். இன்றைக்கு நம் அந்தோணியார் கோயிலில் பூசை பார்த்தவர்கள் முப்பத்தெட்டு பேர். நானே தலை எண்ணினேன்.

சின்னப்பாறை,
பெருமாள்மலை வழி

அன்பு மகள் தமிழ்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் நடமாட வேண்டும், இங்கே தினமும் அதுதான் செபம். கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் கத்துகிறேன், நீ கட் பண்ணுகிறாய், உங்கம்மா நடுவில் அழுகிறாள், ஒரு சோலியும் முடியவில்லை. எழுதித் தொலைங்க, எழுத்துல சத்தம் வராதுல்ல என்று அவள்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பார்சலில் மலைப்பூண்டுப் பொடி, இருமலுக்கு மிளகு, உங்கம்மா பின்னின கம்பளிச் சாக்ஸ் ரெண்டு ஜோடி இருக்கிறது, அவற்றோடு இதையும் வைக்கிறேன். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை, மூடுபனியில் பட்டறை வாசலில் நிற்கிற நம் ஜீப்பே தெரியவில்லை, கரண்ட் வந்து வந்து போகிறதால் வெல்டிங் வேலையெல்லாம் பாதி பாதியாகக் கெடக்கு. நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு கேட் செய்து கொடுத்தேன், அளவெடுத்தவன் தப்பாக எடுத்திருக்கிறான், திரும்பச் செய்ய வேண்டும். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால், நீங்க மொதல்ல கண் டெஸ்டுக்குப் போங்க, கண்ணாடி இல்லாம கம்பியத் தடவித் தடவிப் பாக்குறீங்க என்கிறாள். இதுவரை ரெண்டு பேரும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இனிமே ஞாயித்துக்கெழம ராத்திரி போன் போட்டு பூசைக்குப் போனியான்னு கேக்காதீங்கப்பா, நான் விட்டுட்டேன் என்று சொல்லியிருந்தாய். காரணமும் சொன்னாய். லைப்சிக்கில் உன்கூட நர்சிங் படிக்கிறவர்கள் யாரும் கோயில் பக்கம் போவதில்லை, உன் ரூமில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பெண் ரம்யா நீ செபமாலையை எடுத்தால் வந்துட்டாங்கடி கன்னியாஸ்திரி என்று கிண்டல் செய்கிறாள், நீ பார்த்துக்கொள்கிற வயசானவர்களே சாமியையெல்லாம் எப்பவோ விட்டாச்சு என்று சிரிக்கிறார்கள், ஆனால் எல்லோரும் நல்லவர்கள், யாரும் யாரையும் மழையில் நிறுத்தி வைப்பதில்லை என்றாய். அப்புறம் அந்த வீடியோவுக்கு வந்தாய். உன்னைத் தொட்டியில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த ஞானத்தாய் இராசாத்தி பெரியம்மா, பார்த்த உடனே தேத்தண்ணி குடிச்சியா பிள்ளை என்று கேட்கிற மனுஷி, அவரைச் சவப்பெட்டியோடு மழையில் வைத்துவிட்டுப் பூட்டுக்குச் சண்டை போட்ட ஆட்களோடு சேர்ந்து நான் எதுக்கு முழங்கால் போடணும் என்று கேட்டாய். அதற்கு நான் போனில் கத்தினேன். கத்தினது பதில் இல்லை. இது பதில்.

வீடியோ பொய் இல்லை. கோகுல்ராஜ் எடுத்தது, ஒன்றரை நிமிஷம் ஓடுகிறது, அதில் இருப்பதெல்லாம் நடந்தது. நீ ஊரில் இல்லாததால் முன்கதையைச் சொல்கிறேன். ஜூன் திருவிழாவில் அந்தோணியார் சப்பரம் நம் காலனிக்குள் வரவில்லை. ரோடு சரியில்லை என்று மேலத்தெருக்காரர்கள் சொன்னார்கள். ரோடு சரியில்லாதது உண்மை, காரணம் அது இல்லை என்பதும் உண்மை. சிலோன் தோட்டத்திலிருந்து நம் ஆட்கள் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது, இன்னும் அவர்களுக்கு நாம் வந்தவர்கள்தான். நம் ஆட்கள் கேட்டார்கள், வாய் தடித்தது, கோயில் எங்க தாத்தா கட்டுனது என்று சொல்லி உங்கம்மாவின் அண்ணன் சந்தியாகு மாமா கதவில் பூட்டுப் போட்டார். மறுநாள் நம் காலனி பெர்னத்து, அப்ப எவனும் உள்ள போக வேணாம் என்று ரெண்டு கைப்பிடியிலும் சங்கிலியைச் சுற்றி இன்னொரு பூட்டுப் போட்டான். ஃபாதர் ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், பிறகு நீங்களே தெறங்க, தெறந்த பெறகு வரேன் என்று போய்விட்டார். கிட்டத்தட்ட அஞ்சு மாசம் கோயில் மூடியே கெடந்தது. சிலர் பெருமாள்மலைக்குப் போய்ப் பூசை பார்த்தார்கள், சிலர் வேறு செபக்கூட்டத்துக்கு மாறினார்கள், பல பேர் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினார்கள். கோயிலை விடுவதற்கு ஜெர்மனி வரைக்கும் போக வேண்டியதில்லை, இங்கேயே வசதி இருக்கிறது. நம் வீட்டில் உங்கம்மா மேலத்தெரு, நான் காலனி, அதனால் ரெண்டு பக்கமும் எங்களை நம்பவில்லை.

பெரியம்மா இறந்தது போன ஞாயிறு, கல்லறைத் திருநாளன்று, அடக்கம் மறுநாள் திங்கள். என்னையக் கோயிலுக்குள்ள வச்சி மந்திரிச்சிட்டுக் கொண்டுபோங்க என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனோம். தூக்கினவர்களில் நானும் ஒருவன், வீடியோவில் என் முதுகு தெரியும். மலைச்சாலையில் மரம் விழுந்து ஃபாதர் வழியில் மாட்டிக்கொண்டார். சாவைப் பார்த்தாவது திறப்பார்கள் என்று நினைத்தோம். சந்தியாகு மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் சங்கிலிய எடுக்கட்டும், நான் ஒரு நிமிசத்துல தெறக்குறேன் என்றார். பெர்னத்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மொதல்ல பூட்டுனது யாரு, அவரே மொதல்ல தெறக்கட்டும் என்றான். ஒருத்தரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, ரெண்டு பேரும் கூட்டத்திடம் சொல்கிறார்கள். ரெண்டு சாவிக்கும் நடுவில் ஒரு பெஞ்சில் பெட்டி, அதன் மேல் யாரோ தார்ப்பாயைப் போட்டார்கள், தார்ப்பாயில் மழை கொட்டுகிறது. பெர்னத்து என் காதில் வந்து, மச்சான் கிரைண்டர் ஜீப்புலதான இருக்கு, அவரு பூட்ட மட்டும் அறுத்துரு என்றான். மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. அறுத்துப் பாரு மாப்ள, தங்கச்சி புருசன்னு பாக்க மாட்டேன், நேரா ஸ்டேசனுக்குப் போயிருவேன் என்றார். வீடியோ அந்த இடத்தில் முடிகிறது. நீ அந்த இடத்தில்தான் முடிவெடுத்திருக்கிறாய்.

அதற்குப் பிறகு நடந்தது இது. எல்லோரும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் கதவின் ஓரத்தைப் பார்த்தேன். அது ரெட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது, அதனால் கீல்கள் வெளியே இருக்கின்றன. கீலுக்குள் இருக்கும் கம்பியை அடித்து எடுத்துவிட்டால் பூட்டு என்ன, பூட்டோட அப்பனே வந்தாலும் கதவு நிற்காது. ஜீப்பிலிருந்து சுத்தியலும் கம்பியைத் தட்டி வெளியேற்றுகிற பஞ்ச் உளியும் எடுத்து வந்து வலது கதவின் கீல்களில் தட்டினேன். எல்லாம் துரு. கீழ்க் கம்பி வரவே இல்லை, வண்டி ஆயில் ஊற்றினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன், அதுவும் கோயில் வாசலில். கடைசிக் கம்பி வந்ததும் நான் நினைத்தபடியே ரெண்டு கதவும் பூட்டும் சங்கிலியுமாகச் சேர்ந்து ஒரே கதவாக இடது பக்கம் திறந்துகொண்டு வந்தன. எல்லாக் கணக்கும் போட்டவன் எடையை விட்டுவிட்டேன். பழைய தேக்கு. ரெண்டு கதவின் பாரமும் இடது கீல்கள் மேல் ஏறி, மேல் கீல் நிலையிலிருந்து பிய்ந்து வந்தது. முழுக்கப் பிய்ந்தால் கதவு பெட்டி மேல் விழும். ஏலே, வந்து தாங்குங்கடா என்று கத்தினேன். என் கத்தல் ஒரு காரியத்துக்கு உதவினது அன்றைக்குத்தான். யார் வந்தார்கள் என்று பார்க்க நேரமில்லை. மூச்சு வாங்கிவிட்டுப் பார்த்தால் மாமாவின் தோளும் பெர்னத்தின் தோளும் இடித்துக்கொண்டு நிற்கின்றன, சுற்றி மேலத்தெருவும் காலனியும் கலந்து கெடக்கு. காலை நவுத்துடா எருமை, என் காலு மேல நிக்கிற என்றார் மாமா. நீங்க மொதல்ல தூக்குங்க மாமா, சும்மா தொட்டுக்கிட்டு நின்னா ஆகுமா என்றான் பெர்னத்து. ஜூனுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசின முதல் பேச்சு அதுதான். கோகுல்ராஜும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு கதவின் கீழ் முனையைப் பிடித்திருந்தான். அதனால்தான் மிச்சத்துக்கு வீடியோ இல்லை. எடுப்பதற்கு ஒரு கையும் காலியாக இல்லை.

ஆம்பளைகள் கதவை விட முடியாது, அதனால் பெட்டியைப் பெண்கள் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், முன்னால் உங்கம்மா, அந்த முழங்காலோடு. உள்ளே செபமாலையை ஆரம்பித்தார்கள். அருள் நிறைந்த மரியே என்று முதல் பாதி உள்ளேயிருந்து வந்தது. மறு பாதியை, கதவைத் தாங்கிக்கொண்டே, மழையில் நின்று நாங்கள் சொன்னோம். யாரும் சொல்லச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அப்படிச் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிகிற நேரத்தில் ஃபாதர் விழுந்த மரத்தைத் தாண்டி, முழங்கால் வரை சேறோடு நடந்து வந்து சேர்ந்தார். எங்களையும் கதவையும் மேலும் கீழும் பார்த்தார், நேரே உள்ளே போய் பெட்டி மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெரியம்மா கேட்டது கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு ஊர் சமாதானமாகிவிட்டது என்று நினைக்காதே. கீல் பிய்ந்ததுக்கு யார் பொறுப்பு என்று மறுநாளே சண்டை. கதவு இப்போது என் பட்டறைச் சுவரில் சாய்ந்து கெடக்கு, ரெண்டு பூட்டும் அப்படியே இருக்கிறது. மாமாவும் பெர்னத்தும் சேர்ந்து வந்து அவரவர் பூட்டை அவரவர் கழற்றினால் மாட்டித் தருவேன், தனித்தனியாக வந்தால் டீ மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் வரவில்லை. ஆனால் மூடுவதற்குக் கதவு இல்லாததால் கோயில் திறந்தே கெடக்கு. வியாழக்கிழமை காட்டெருமை ஒன்று உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனதாம். இன்றைக்கு ஃபாதர் வந்து பூசை வைத்தார். மேலத்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பூசை நடுவில் ஒருத்தரை ஒருத்தர் கும்பிட்டுச் சமாதானம் சொல்கிற நேரத்தில் மாமா பெர்னத்தைப் பார்த்துக் கும்பிட்டார், முகத்தில் ஒன்றும் இல்லை. அவனும் கும்பிட்டான், பல் தெரியவில்லை.

இப்போது உன் கேள்வி. அங்கே சாமி கும்பிடாதவர்கள் நல்லவர்கள், இங்கே கும்பிடுகிறவர்கள் பெட்டியை மழையில் வைத்தவர்கள், ரெண்டும் சரி, நான் மறுக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவன் நல்லவன் என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா. நல்ல ஆட்களைப் பார்க்க டீக்கடை போதும். எனக்குப் பிடிக்காதவனைப் பார்த்துக் கும்பிட்டே ஆக வேண்டிய இடம் எனக்கு வேறு எங்கேயும் இல்லை, அதனால் போகிறேன். ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்று நம்புகிறேன், அதனாலும் போகிறேன். அதை நிரூபிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது, நான் ஐடிஐ ஃபிட்டர். மறு பாதியைச் சொல்லிக்கொண்டு மழையில் நின்றபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். உனக்கே உள்ளுக்குள் நம்பிக்கை போய்விட்டது என்றால் அது வேறு பேச்சு, ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம், நான் கத்த மாட்டேன். ஆனால் ரம்யாவின் சிரிப்புக்காக விடாதே, உன் மாமாவின் பூட்டுக்காக விடாதே, ஒன்றரை நிமிஷ வீடியோவுக்காக விடாதே. ரம்யாவோடு சண்டையும் போடாதே, அவள் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க நீதான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்றால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே பூசை இருக்கிறது என்று விசாரி. பாஷை புரியவில்லை என்று சொல்லாதே, எப்போது எழுந்திரிக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று உனக்குத் தெரியும், அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ஈரத்துணியை ஹீட்டர் மேல் காயப் போடாதே, நான் சொன்னால் கேட்க மாட்டாய், வயர் எரிந்த பிறகு போன் பண்ணுவாய். மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், ஊசி போடுகிற உன் கையை அந்தோணியார் பார்த்துக்கொள்ளட்டும், உன் ஞானத்தாயும் இனி அங்கேயிருந்து உனக்காகக் கேட்பார். உங்கம்மா நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள், கடிதத்தில் அது முடியாது, நீயே ஒன்று போட்டுக்கொள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு வெள்ளனே போஸ்ட் ஆபீஸில் பார்சலைப் போடுவேன்.

2. உங்கம்மாவை முழங்காலுக்குக் கூட்டிப்போவேன். அவள் விடமாட்டாள் என்பதால் நானும் கண்ணைக் காட்டிவிட்டு வருவேன்.

3. பிய்ந்த கீலுக்குப் புதுசு செய்து வைப்பேன். கதவு தயாராக இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து வரும் வரை மாட்ட மாட்டேன்.

4. காட்டெருமைக்காகக் கோயில் வாசலில் இடுப்பளவு கம்பித் தடுப்பு வைப்பேன். அதில் பூட்டு மாட்ட இடம் விட மாட்டேன்.

5. பூசைக்குப் போனியா என்று இனி உன்னிடம் கேட்க மாட்டேன், உங்கம்மாவும் கேட்க மாட்டாள். ஞாயிறு ராத்திரி இங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் அனுப்புவேன். நீ அங்கே போயிருந்தால் அதோடு ஒன்று கூட்டித் திருப்பி அனுப்பு. போகவில்லை என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம். இன்றைக்கு முப்பத்தெட்டு.

உன் அப்பா,
ராஜ்மோகன்