தண்ணீரில் போன வம்சம்

அக்கா,

இன்று மாலை எங்கள் கட்டடத்து நீச்சல் குளத்தில் குளோரின் நெடி தூக்கலாக இருந்தது. மகள் தண்ணீரில் குதித்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

வளைகுடாவில், முவைலாவில் இருந்த அந்தச் சின்ன ஆபீசில் நாம் அமெரிக்கர்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுத்தோம். முதுகுவலியால் நர்ஸ் வேலையை விட்டு வந்தவர் நீங்கள். அமெரிக்காவில் முதன்முதலில் குடியேறியவர்களில் ஒரு தச்சர். அவர் வழி வந்த ஒரு முதியவர் குடும்ப மரம் கேட்டிருந்தார். பதிவேடுகளில் நான் பெயர்களைப் படித்தேன். நீங்கள் சாவுகளைப் படித்தீர்கள். தச்சரின் மகன் ஓடையில். பேத்தி ஆற்றங்கரையில். பிறகு ஒருத்தி குளியல் தொட்டியில்.

"முட்டளவு வெள்ளத்துல நீச்சல் தெரிஞ்ச பிள்ள சாவுமா மக்ளே? நான் கடப்புறத்துல பொறந்தவ. இது வெள்ளம் இல்ல, நெஞ்சு. துடிப்புல உள்ள கோளாறு, ரத்தத்துல வருது. ஈசிஜி எடுத்தாத் தெரியும்" என்றீர்கள். உங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

முதியவருக்கு இரண்டு பேத்திகள். இருவரும் நீச்சல் போட்டிக்குப் போகிறவர்கள் என்று பெருமையாக எழுதியிருந்தார்.

மேனேஜர் காதில் ஏறவில்லை. "அவர் கேட்டது சுவத்துல மாட்ட ஒரு படம். இதையெல்லாம் எழுதினா விசா கேன்சல். கலாஸ், அவ்வளவுதான்."

நீங்கள் தமிழில் எழுதிய கடிதத்தை ஆங்கிலமாக்கி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தீர்கள். "இன்னைக்கே போட்டிரு மக்ளே." அப்போது என் கணவருக்கு வேலை இல்லை, என் விசாவில்தான் குடும்பமே இருந்தது. ஒன்பது நாள் அது என் கைப்பையிலேயே கிடந்தது. நீங்கள் கேட்டபோதெல்லாம் "அனுப்பிட்டேன்க்கா" என்றேன். பத்தாம் நாள்தான் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மூத்தவளுக்கு அந்தக் கோளாறு இருந்தது, மருந்து தொடங்கிவிட்டார்கள். இளையவள், கடிதம் கிடைப்பதற்கு முன்பே ஏரியில் போய்விட்டாள்.

"பதில் வந்துச்சா மக்ளே?"

"வந்துச்சுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதீர்கள். விஷயம் மேனேஜருக்குத் தெரிந்தபோது, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனீர்கள்.

போன மாதம் உங்கள் மகன் போனில் சொன்னான்: "அந்த அமெரிக்காப் பிள்ளைங்க ரெண்டு பேருக்காவவும் அம்மா சாவுற வரைக்கும் ஜெபிச்சா."

அன்று வந்த பதிலிலேயே, திருத்திய குடும்ப மரப் படத்தை முதியவர் கேட்டிருந்தார். இளையவளின் பெயருக்குக் கீழே இறந்த தேதியை நான்தான் நிரப்பினேன், அக்கா. நீங்கள் கடிதத்தைக் கொடுத்த ஏழாம் நாள் அது.