துரையும் தரையும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது நடு அறையின் தரை காய்ந்திருந்தது. கதவு மூலை காய்ந்திருந்தது. கேழ்வரகு மூட்டையின் அடிப்பக்கம்கூடக் காய்ந்திருந்தது. மேன்மை தங்கிய துரை அவர்கள் பகல் முழுவதும் தனியாக இருந்தும் வீட்டுக்குள் காரியம் எதுவும் செய்யவில்லை. தமுக்கு அடிக்க ஆள் கிடைக்காததால் உனக்கு மட்டும் எழுதித் தெரிவிக்கிறேன். ஓசூரில் வேறு யாருக்கும் இந்தச் செய்தியின் அருமை தெரியாது.

கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் பச்சைச் சாணி வாசனை போகவில்லை. அந்த வாசனைதான் உன்னைக் கூட்டி வந்தது. தளியில் உன் மாமாவின் மாட்டுக்கொட்டகையில், கன்றுக்குட்டியின் காலுக்கு அடியிலிருந்து இந்த நாய்க்குட்டியை இழுத்து எடுத்தாயே, அன்றைக்கு நம் இருவர் சட்டையிலும் இதே வாசனை. பஸ்ஸில் நம் பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டார். "பாத்தியா, உக்கார எடம் கெடச்சிடுச்சு" என்றாய். சட்டைக்குள் என்னடா வீக்கம் என்று கண்டக்டர் கேட்டபோது, "வயித்துல கட்டிங்கண்ணா" என்றாய். கட்டி குரைத்தது. பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

"முகத்தக் கல்லா வெச்சிக்கோடா. மீதிய மத்தவங்க பாத்துப்பாங்க." நம் குறும்புத் தொழிலுக்கு நீ சொன்ன மந்திரம் அது ஒன்றுதான்.

துரை என்று பெயர் வைத்ததும் நீதான். கடைத்தெருவில் நின்று, "துரை, எச்சில் இலையைத் தின்னாதே" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. துரைமார் ஆட்சி போய்விட்டது என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்துக் கொடி ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த ஆட்சி இந்த ஐப்பசியில்தான் தொடங்கியது.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. அந்த வார்டில் நர்ஸாக இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டவள் என் அம்மா. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று நம் வகுப்பு மொத்தமும் அழுதது. நான் அழவில்லை. கல் என்றால் கல், கோயில் வாசல் கல். வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பார்.

மறுநாள் உன் அம்மா குட்டியை என் கையில் கொடுத்தார்கள். "அவன் கட்டிலுக்குக் கீழயே படுத்துக்கிட்டு மொனகுது கண்ணு. என்னால கேக்க முடியல. நீ கொண்டு போயிரு."

எங்கள் வீடு உனக்குத் தெரியும். அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. அம்மா விடியும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது பூட்டினால், சாயங்காலம்தான் திறப்பேன். அதுவரை துரைக்கு அந்த ஒற்றை அறைதான் ராஜ்யம். இந்த ஓசூர் கன்னடப் பக்கம் போகுமா, தமிழ்ப் பக்கமே இருக்குமா என்று பெரியவர்கள் டீக்கடையில் எல்லை பேசிக்கொண்டிருக்கிறார்கள். துரை எங்கள் வீட்டுக்குள் தினமும் எல்லை போட்டுக்கொண்டிருந்தது.

மண் தரை. ஈரம் பட்ட இடம் பொருக்குத் தட்டி எழும்பிவிடும். அதைச் சுரண்டி, அடுத்த வீட்டுக் கொட்டகையில் சாணி வாங்கிக் கரைத்து மெழுக வேண்டும். மறுநாள் அதே இடம், அதே ஈரம். மறுபடியும் சாணி. மெழுகி மெழுகி நானே மெழுகாக உருகிப்போனேன். குளிரில் விடியற்காலை வெளியே கூட்டிப்போய் நிற்பேன். அது ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கும். உள்ளே வந்த உடனே வேலையை முடிக்கும். அதட்டினால் வாலை ஆட்டும். வகுப்பில் தூக்கம் வந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. வாத்தியார் நாற்காலியில் நெருஞ்சி முள் வைக்கக்கூட மனம் வரவில்லை. குறும்புக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செய்வதற்கு ஒருவன், சிரிக்காமல் நிற்பதற்கு ஒருவன்.

ஒரு நாள் அம்மா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டா, இது வீடா, கொட்டாயா? நாள் பூரா ஆஸ்பத்திரில மூத்திரத் துணியோட நிக்கறேன். இங்கயும் அதேவா?"

"நான்தான் மெழுகிடறனேம்மா."

"நீ மெழுகுற லட்சணம் தெருமுனையிலயே மணக்குது. வர்ற சந்தைக்குள்ள அது வெளிய போய்ப் பழகணும். இல்ல, தளி வண்டியில ஏத்தி விட்டுடு. அங்க அதோட அம்மாகிட்ட இருக்கட்டும்."

"அதோட அம்மாவத்தான் சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சேம்மா."

அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். துரையைப் பார்க்கவில்லை. வந்த நாளிலிருந்தே அவள் அதை நேராகப் பார்த்ததில்லை.

சந்தை நாளும் வந்தது, தரையில் முந்தின நாள் ஈரமும் இருந்தது. துரையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி நடத்திக்கொண்டு போனேன். வழியில் மரம், கல், வேலி, எதையும் அது சட்டை செய்யவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. தளி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அவிழ்த்துவிட்ட மாடுகள், காலடியில் புதுச் சாணி. துரை என்னை இழுத்துக்கொண்டு ஓடி, அந்தச் சாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அது கண்ணை மூடிக்கொண்ட நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

வண்டிக்காரர் சிரித்தார். "ஏனப்பா, நம்ம ஊரு நாயா? கொட்டாய் வாசன பட்டதும் ஒக்காந்துடுச்சு பாரு."

நான் சிரிக்கவில்லை. அது பிறந்தது கொட்டகையில். கண் திறந்த நாளிலிருந்து, சாணி மணக்கும் இடம்தான் அதற்கு ஒதுங்கும் இடம். நானோ ஒவ்வொரு சாயங்காலமும் பச்சைச் சாணி கரைத்து, நடு வீட்டில் அதற்கு ஒரு தளிக் கொட்டகையைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது நாளெல்லாம் தனியாக இருந்து, சொன்ன பேச்சை அழகாகக் கேட்டிருக்கிறது.

"கொண்டா, ஏத்திக்கறேன்" என்றார் வண்டிக்காரர்.

"பேடண்ணா, வேணாம்" என்று சொல்லிவிட்டுத் துரையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அம்மாவிடம் இன்னும் ஒரு சந்தை வரை தவணை கேட்டேன். இனிமேல் உள்ளே சாணி வேண்டாம், செம்மண் பூசிக்கொள்ளலாம் என்றேன். "சாணி மெழுகாத வீடும் ஒரு வீடா?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ள கடைசி நாளும் இதத்தான் கேட்டுட்டு இருந்தான். துரை சாப்டுச்சா, துரை சாப்டுச்சான்னு" என்றாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, "பூசிக்கோ" என்றாள்.

நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு செம்மண் எடுக்கப் போனேன்.

பழைய தரையை முழுவதும் சுரண்டினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பின்புறம், சுற்றுச் சுவருக்குள், முருங்கை மரத்தடியில் ஒரு முறம் அகலத்துக்குச் சாணி மெழுகி வைத்தேன். குட்டி நுழைகிற அளவுக்குப் பின்கதவின் சங்கிலியைத் தளர்த்தி மாட்டினேன். முதல் நாள் ஈரம் பாதி அறை வரை நகர்ந்ததோடு சரி. அடுத்த நாள் நிலைப்படி வரை ஈரம் போனது. பிறகு ஒரு நாள் படிக்கு வெளியே. இன்று முருங்கை மரத்தடிக்கே போய்விட்டது. துரைக்கே பாடம் நடத்திய முதல் தமிழன் என்று என்னை நீ ஊர்வலம் விடலாம். மூளை என்னுடையது, முதுகு என்னுடையது, கல் முகமும் என்னுடையது.

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள்.

பூட்டைத் திறந்தபோது தரை காய்ந்திருந்தது, அதுவரை உண்மை. மூலை மூலையாகத் தொட்டுப் பார்த்தேன். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். உங்கள் தெருமுனை வரை போய்விட்டேன். அங்கே நின்றேன். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

செம்மண்ணில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறுத்துத் தெரியும். அம்மா வேலை முடிந்து வந்தபோது நடு அறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. அவள் ஈரத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"யார் வேலைடா இது?"

"துரைதாம்மா" என்றேன்.

அம்மா முதல் தடவையாகத் துரையை நேராகப் பார்த்தாள். அது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைக் கல்லாக வைத்திருந்தது. உன் நாய்.