பலூன் அடைத்த புகைபோக்கி

கண்ணு நிதீஷுக்கு, அப்பா எழுதுவது. கிணத்துக்கடவில் நானும் உன் அம்மாவும் சுகம், தோட்டமும் மாடுகளும் சுகம். லீட்ஸில் நீயும் வர்ஷினியும் நல்லபடியாக இருக்க மாசாணியம்மன் துணையிருக்கட்டும். வர்ஷினியின் அப்பா சுகமாக இருப்பது நீங்கள் தினமும் குடும்ப குரூப்பில் போடுகிற போட்டோவிலேயே தெரிகிறது, அதனால் தனியாக விசாரிக்கவில்லை. இதையெல்லாம் போனில் பேசியிருக்கலாம், நீதான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்து ம் கொட்டுகிறார். அதனால்தான் அங்கே படிக்க வரும் பக்கத்துத் தோட்டத்துப் பிரவீனாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன குளிருக்கே நான் அங்கே வருகிறேன் என்றேன். வீடு பழசு, முன்னறையில் இப்போது எரிக்காத கணப்பு ஒன்று இருக்கிறது, அதன் புகைபோக்கி வழியாகக் குளிர்காற்று கொட்டுகிறது, என் வீசிங்குக்கு ஆகாது என்றாய். "அதை அடைச்சுப்போட்டு உங்களைக் கூப்புடறனுங்கப்பா" என்று நீ சொன்னதை நம்பி நானே வேலையில் இறங்கினேன். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்றையே தடுத்தவன் நான். நம் வீட்டுக்கு கேஸ் வந்த பிறகு சும்மா கிடந்த புகைக்கூண்டு வழியாகக் காற்று இறங்கி அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது, சாக்கில் தேங்காய் நாரைத் திணித்து நான் செருகியதற்கப்புறம் உன் அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதே மாதிரி உன்னிடம் அளவு கேட்டு, நாரை வெயிலில் காயவைத்து, உதறி, மூட்டை தைத்து கொரியரில் அனுப்பினேன். அதற்குள் தாராபுரத்துச் சம்பந்தி அங்கே வந்து இறங்கிவிட்டார். அந்தக் குளிர் அவருக்கு மட்டும் ஆகும்போலிருக்கிறது. புகைபோக்கியை அடைக்கவென்றே கடையில் விற்கிற பலூன் ஒன்றை வாங்கி உள்ளே செருகி, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறார், அதற்கு ஒரு போட்டோ, சொந்தபந்தமெல்லாம் கைதட்டுகிறது. கீழே நீ எழுதுகிறாய், அப்பா வந்தாங்க, காத்து நின்னுபோச்சு என்று. கல்யாணமான நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவர் எப்போது அப்பா ஆனார்? அதே போட்டோவில் ஓரமாக என் நார் மூட்டை கிடக்கிறது, அதன்மேல் யாருடைய செருப்போ இருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா, "ஏனுங்க, ஒரு ஓட்டைய அடைச்சதுக்கா இத்தனை வயித்தெரிச்சல்?" என்று சிரித்தாள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான், அதிலென்ன ஒளிவுமறைவு. நேற்றுகூட சம்பந்தி போன் செய்து, இங்கே எல்லாம் கதகதப்பாக இருக்குதுங்க என்றார். ரொம்ப சந்தோஷமுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னேன். பெண் எடுத்த இடம், வேறென்ன சொல்ல முடியும்.

ஒன்று சொல்கிறேன், பொறாமையில் சொல்கிறான் என்று நினைக்காதே, நினைத்தாலும் பரவாயில்லை. எந்தப் புகைபோக்கியையும் காற்றே புகாமல் இறுக்கி அடைத்தால் சுவரில் ஓதம் ஏறும். நார் என்றால் கொஞ்சம் மூச்சு விடும், ரப்பர் விடாது. உள்ளே பலூன் இருப்பது தெரியாமல் யாராவது கணப்பை மூட்டிவிடப் போகிறார்கள், கண்ணில் படுகிற மாதிரி ஒரு அட்டையில் எழுதி அங்கே வை. வர்ஷினி குளிருக்குக் காதை மூடிக்கொள்ளட்டும், நீ நேரத்துக்குச் சாப்பிடு.

காற்றுதான் நின்றுவிட்டதே கண்ணு, இன்னும் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? பாஸ்போர்ட் புதுப்பித்து வைத்திருக்கிறேன். உன் அம்மா எனக்கு ஸ்வெட்டர்கூட எடுத்துவிட்டாள். பலூன் என்றைக்காவது காற்று இறங்கித்தான் ஆகும். அப்போது அவரையும் ஊதச் சொல்லாதே, நீயும் ஊதாதே. குளிரட்டும், அப்படியே விட்டுவை. நான் வந்து அடைக்கிறேன்.

இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

உன்னைப் பெற்ற அப்பா,
திருமூர்த்தி