ஒன்றுகள் டப்பாவில் ஒரு குச்சி

செல்ல மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வழக்கமாக அடுத்த வரியை எழுதிவிடுவேன், இந்த முறை எழுத மாட்டேன், அதை நீயே உன் கையால் எழுதி அனுப்பினால்தான் நம்புவேன். மலையிலிருந்து சாமான் வண்டி இரண்டு தடவை இறங்கி வந்துவிட்டது, இரண்டு தடவையும் உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உங்கள் வானிலை அலுவலகத்தில் கேட்டால், பனியில் போன் டவர் சாய்ந்துவிட்டது, போன் எடுக்காது, ஏதாவது என்றால் நாங்களே சொல்வோம் அம்மா என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறார்கள். கடைசியாக நீ எழுதிய கடிதத்தில் குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை மூட்டி ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன் என்று ஏதோ சாமர்த்தியம் போல எழுதியிருந்தாய். படித்த பெண் செய்கிற காரியமா இது? காற்று, அழுத்தம் எல்லாம் அளந்து ஊருக்குச் சொல்கிறவளுக்குத் மூடிய அறையில் கரி அடுப்பு காற்றையே விஷமாக்கிவிடும் என்று தெரியாதா? அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, திட்டுவதற்கு மட்டும் உட்காரவில்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வரிசையாகச் சொல்கிறேன், எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற உன் கெட்ட பழக்கத்தை இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடு.

நீயும் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தவள்தான், வகுப்பில் அம்மா என்று கூப்பிடாதே, டீச்சர் என்று கூப்பிடு என்றதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள்தான், அதனால் குச்சிக் கதை உனக்குப் புதிதில்லை. அதே பழைய பிஸ்கட் டப்பாக்கள், அதே ஐஸ் குச்சிகள். காலையில் வாசலில் ஆளுக்கு ஒரு குச்சி, உள்ளே வந்ததும் ஒன்றுகள் டப்பாவில் போட வேண்டும், பத்து சேர்ந்தால் அன்றைய லீடர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பத்துகள் டப்பாவுக்கு மாற்ற வேண்டும், பிறகு டப்பாவுக்குக் கீழே ஆணியில் எண் அட்டையை மாட்ட வேண்டும். இந்த வருஷம் முப்பது பிள்ளைகள். மூன்று கட்டு, ஒன்றுகள் டப்பா காலி, அதன் கீழே பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜிய அட்டையைத் தொட மற்றப் பிள்ளைகளுக்கு வெட்கம், முட்டை வாங்கினவன் என்று கேலி செய்வார்களாம். ஒரே ஒருத்தி மட்டும் எனக்குக் கொடுங்க, எனக்குக் கொடுங்க என்று ஓடி வருவாள். பஸ் ஓட்டுகிறவரின் மகள், முன்பல் இரண்டும் விழுந்தவள், அவளுக்கு முட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவளும் அதற்குக் குஷியாகத் திரும்பிப் பார்ப்பாள்.

பூஜ்ஜியம் எதற்கு என்று புரியவைக்க நான் மூன்று நாற்காலி போட்டேன், நூறு, பத்து, ஒன்று. நூறில் மூன்றாம் அட்டையை வைத்துக்கொண்டு ஒரு பையன், ஒன்றில் இரண்டாம் அட்டையோடு ஒருத்தி, நடுவில் பூஜ்ஜியத்தோடு முட்டை, முந்நூற்று இரண்டு. முட்டையை எழுந்து போகச் சொல்லி நாற்காலியையும் எடுத்துவிட்டேன், நூறுக்காரன் நகர்ந்து இரண்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று, முந்நூறாக இருந்தவன் முப்பதாகிவிட்டான், ஓவென்று அழுதுவிட்டான் பாவம். பார்த்தீர்களா, அங்கே ஒன்றுமில்லை என்றாலும் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் இடம் மாறிப் போவார்கள் என்று சொன்னேன். நல்ல பாடம் நடத்திவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் முட்டைக்குக் காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள், மூளைக் காய்ச்சல், பிள்ளை கண் மூடினது மூடினதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உடம்பெல்லாம் குழாய் சொருகிப் படுத்துக் கிடந்தாள், நான் போய்ப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் வந்தது இருபத்தொன்பது பேர். லீடர் மூன்றையும் பூஜ்ஜியத்தையும் மாட்டியிருந்தான். தப்பாக எண்ணியிருக்கிறாய் போடா, இரண்டு கட்டும் ஒன்பது உதிரியும்தானே வரணும் என்று நானே கட்டைப் பிரித்து எண்ணினேன், முப்பது. எவனோ இரண்டாகப் போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாளும் முப்பது. அதற்கடுத்த நாளும். வகுப்பை நிற்கவைத்துச் சத்தம் போட்டேன், ஒவ்வொன்றும் கண்ணை அகல விரித்துக்கொண்டு நான் போடல டீச்சர், சத்தியமா போடல டீச்சர் என்கிறது. மறுநாள் காலை மிச்சக் குச்சிகளை என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன், இருபத்தொன்பதை மட்டும் எண்ணி எடுத்து வாசலில் நின்று ஒவ்வொரு உள்ளங்கையிலும் நானே வைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று கட்டு, ஒன்றுகள் டப்பா துடைத்து வைத்தாற்போல் காலி. உனக்கே தெரியும், பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முதலில் சிரிக்கிறவள் நான். அந்த நானே மூன்றாவது கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது சாதாரணமாக இருந்தது. ஒன்று சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன், என்ன நடத்தினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். வரிசையில் போகும்போது நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி விட்டே நடக்கிறார்கள். குழாயடியில் ஒருத்தி கை கழுவி நகர்ந்ததும் அடுத்தவன் உடனே போவதில்லை, தண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கொஞ்ச நேரம் கழித்து அடுத்தவன் போகிறான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு யாரோ உள்ளே வரும்வரை காத்திருந்து மூடுகிறார்கள். முட்டையின் பெஞ்சில் பக்கத்துப் பெண் பேசிக்கொண்டே ரப்பரை நகர்த்தி வைக்கிறாள். என்ன விளையாட்டு இது என்று அதட்டினேன். அந்த நூறுக்காரப் பையன்தான் சொன்னான், நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ஒருத்தர் இல்லேன்னா அந்த இடத்தை அப்படியே பிடிச்சு வைக்கணும்னு, இல்லேன்னா நாங்க எல்லாரும் நகர்ந்து வேற ஆளா ஆயிடுவோமே என்று. நான் எண்ணுக்குச் சொன்னதை இதுகள் மனுஷருக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன! அதெல்லாம் சரி, குச்சி யார் போடுவது என்றேன். அவள்தான் டீச்சர் என்றான், என்னை ஏதோ மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு. பெரிய டீச்சர் வேறு ஒரு நாள் வந்து, பாடத்தில் முட்டை உட்கார்ந்த நாற்காலியைக் காட்டி, இது சும்மாதானே கிடக்கு, மூணாம் வகுப்புக்கு ஒண்ணு குறையுது, எடுத்துக்கட்டுமா என்று கேட்டார். இருபத்தொன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கூடாது என்று கத்தினதில் அவர் வெலவெலத்துப் போனார். நானும் கூடாது என்றேன். அப்புறம் எனக்குக் காலையில் குச்சி எண்ணுவது ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது, கட்டு மூன்று இருந்தால் மூச்சு வரும், பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு நாள் கட்டு இரண்டுதான் இருந்தது. ஒன்றுகள் டப்பாவில் ஒன்பது குச்சி உதிரியாகக் கிடந்தது. லீடர் ஒன்பதாம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டாமல் நின்றான். முட்டை எங்க டீச்சர் என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா, காக்கிச் சட்டையோடு, பஸ்ஸைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி, அழுதுகொண்டே பள்ளிக்கூட வாசலில் ஓடி வருகிறார். நான் முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளை போய்விட்டாள், அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் மூச்சிரைக்கச் சொன்னார், கண்ணு முழிச்சிட்டா டீச்சர், முழிச்சதும், பெல் அடிச்சாச்சா, நான் குச்சி போடணுமேன்னு கேக்குறா. அப்புறம் நானும் அழுதேன், அவரும் அழுதார், பிள்ளைகள் ஒன்றும் நடக்காததுபோல் ஒன்பதை மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டன. அவள் இங்கே வராமல் போனது அங்கே தன் உடம்புக்குத் திரும்பிப் போனதால்தான் என்று எனக்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, உனக்குக் கண்ணாடி மாத்தணும் என்றார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான்.

முட்டை போன வாரம் பள்ளிக்கூடம் வந்தாள். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாள், தலை மொட்டை, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. தனியாகக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் என்ன கனவெல்லாம் கண்டாய் என்று கேட்டேன். கனவு ஒன்றும் இல்லை, நான் தினமும் வந்தேனே டீச்சர், வாசல்ல நின்னேன், நீங்க எல்லார் கையிலயும் வச்சீங்க, என் கையில மட்டும் வைக்கல, அதான் நானே எடுத்துக்கிட்டேன் என்றாள். அதில் ஒரு கோபம் வேறு அவளுக்கு. அவள் வந்த நாளிலிருந்து கணக்கு நேராகிவிட்டது, முப்பது பிள்ளை, மூன்று கட்டு, காலி டப்பா, பூஜ்ஜியம். சனியன் விட்டது என்று நினைத்தேன்.

இன்று காலை முப்பது பேரும் வந்தார்கள். பழக்கம் விடவில்லை, முப்பது குச்சியையும் நானேதான் கையில் கொடுத்தேன். முட்டைதான் லீடர். மூன்று கட்டையும் கட்டிப் போட்டுவிட்டுப் பூஜ்ஜிய அட்டையோடு ஒன்றுகள் டப்பாவுக்கு முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தாள். இதை எங்க டீச்சர் மாட்டறது, இங்க ஆள் இருக்காங்களே என்றாள். எட்டிப் பார்த்தேன். டப்பாவின் அடியில் ஒற்றைக் குச்சி. பிள்ளைகளை மறுபடி எண்ணினேன், முப்பது. முட்டை வாசலை ஒரு தரம் பார்த்தாள், பிறகு தன் இடத்துக்குப் போய் பெஞ்சில் நகர்ந்து பெரிய ஆள் ஒருத்தர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள். நான் கையை விட்டு அந்தக் குச்சியை எடுத்தேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, தகரம் தொட்டால் சுடுகிறது. அந்தக் குச்சி சில்லென்று இருந்தது, நனைந்திருந்தது, விரல் மரத்துப் போகிற அளவுக்குக் குளிர்.

அதைக் கைக்குள் மூடிக்கொண்டு வகுப்பைப் பெரிய டீச்சரிடம் விட்டுவிட்டு நேராகத் தையல் கடைக்கு ஓடினேன். உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளங்கையை விரித்து நீட்டினேன். அவர் குச்சியைத் தொட்டார். சிரிக்கவில்லை. பாதி வெட்டிய துணியில் கத்தரியை அப்படியே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். சாமான் வண்டி சாயங்காலம் மலைக்குப் புறப்படுகிறதாம், ஓட்டுநரிடம் பேசி மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தார், அதுவரைக்கும் சும்மா இருக்காதே, பிள்ளைக்கு எழுது என்று என்னை உட்காரவைத்தார். இதோ கம்பளித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், முடிந்ததா முடிந்ததா என்கிறார். குச்சி என் இடது கையில்தான் இருக்கிறது, எழுதுகிற நேரம் முழுக்க மூடியே வைத்திருக்கிறேன், என் சூடு ஏறுகிறதா என்று பார்க்கிறேன், இன்னும் ஏறவில்லை.

நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் வா வா என்று எழுதி உன் உயிரை வாங்கினவள் நான். இப்போது சொல்கிறேன் கண்ணே, இப்படி வராதே. அங்கேயே இரு. உன் உடம்பிலேயே இரு. உன் இடத்தை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம், ஒருவரையும் நகரவிட மாட்டேன், ஆனால் நீ வருவதானால் அப்பாவோடு வண்டியில் வா, பெட்டியை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் பசிக்கிறது என்று கத்திக்கொண்டு வா. நாளைக் காலையில் முப்பது குச்சிதான் இருக்க வேண்டும். நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

நூறு வயசு நன்றாக இரு. கரி அடுப்பை அணைத்துவிடு. ஜன்னலைத் திற, குளிர்ந்தால் குளிரட்டும், திற.

உன் பதிலைக் கையில் வாங்கும் வரை கண் மூடாத,
அம்மா